வெயிலைக் கணக்குப் போட்டோம், தண்ணியை விட்டுட்டோம்

காரைக்குடி, விஸ்காம் கடைசி வருஷம்:

என் பிராஜெக்ட் தலைப்பு, 'கேமரா இல்லாமல் ஒரு நகரத்தார் வீடு'. இதே மாதிரி யாராவது இறங்குவதாக இருந்தால் உதவட்டுமே என்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் உங்கள் கதையைப் போடுங்கள்.

பிளானில் மூன்று முறைகள் எழுதியிருந்தேன். முதலில் ஆசைப்பட்டது ஆல்புமென் பிரிண்ட். நம்ம வீட்டுச் சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு உண்டு. 1850இல் பிரான்ஸ்காரர் பிளாங்கார் எவ்ரார் கொண்டுவந்த அந்த ஃபோட்டோத் தாளிலும் அதே வெள்ளைக்கருதான். சுவரையும் படத்தையும் ஒரே பொருளால் இணைக்கலாம் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தத் தாளுக்கு வேண்டிய சில்வர் நைட்ரேட் விலையைக் கேட்டேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று சயனோடைப், இன்னொன்று ஓர் அறையையே கேமராவாக்குவது.

சயனோடைப் 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அந்தக் காலத்து வீட்டு ப்ளூபிரின்ட்டும் இதே வேதியியல்தான். 100 மில்லி தண்ணீரில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், இன்னொரு 100 மில்லியில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. இரண்டையும் சரிபாதி கலந்து, மங்கல் வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே நெகட்டிவ் ஷீட்டும் கண்ணாடியும் வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசினால் நீலப் படம்.

வீடு கானாடுகாத்தான் பக்கம், எங்கள் உறவில் ஒருவருடையது. வருஷம் முழுக்கப் பூட்டித்தான் கிடக்கும், படைப்புக்கும் (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) கல்யாணத்துக்கும் மட்டும் திறப்பார்கள். சாவி வாட்ச்மேன் அண்ணனிடம். அவர் பாட்டில் லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "சயனைடா? ஏம்மா, பூட்டின வீடுதானேன்னு இங்கே வந்து செய்றியா?" என்றார். சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் இது அந்த விஷம் இல்லை, கடுமையான ஆசிட் ஊற்றவோ சூடாக்கவோ மட்டும் கூடாது என்று சொல்லிப் பார்த்தேன். பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் நாங்கள் கிளம்பும்வரை வளவை, அதாவது வீட்டு நடுமுற்றத்தை, விட்டு நகரவே இல்லை.

வெயில் விஷயத்தில் மட்டும் நான் சுத்தம். டெஸ்ட் ஸ்ட்ரிப் போட்டேன். ஒரே தாளை அட்டையால் மூடி, 2 நிமிஷத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது. பங்குனி உச்சி வெயிலில் 6 நிமிஷம் போதும் என்று வந்தது. நோட்டில் தேதி, மணி, மேகம் எல்லாம் குறித்தேன். தண்ணீருக்கு ஒரு கட்டம் போடவில்லை.

முதல் நாள் 14 தாள். வெயிலில் எல்லாம் அருமையாக மாறின. வளவு மூலையில் இருந்த போர் குழாயில் அலசினோம். 10 நிமிஷத்தில் தூண் போச்சு, நிலைவாசல் போச்சு, கடைசியில் வெறும் மஞ்சள் கறை. மருந்து பழசு என்று நினைத்துப் புது மருந்து வாங்கினோம். அதுவும் அப்படியே. மூன்றாம் நாள் குடிக்க வீட்டிலிருந்து கொண்டுபோன காரைக்குடி சம்பை ஊற்றுத் தண்ணீர் மிச்சம் இருந்தது. என்னமோ தோன்றி ஒரு தாளை அதில் போட்டேன். அப்படியொரு நீலம்!

போர் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, இந்த நீலத்துக்குக் காரமே ஆகாது. கொஞ்சம் வினிகர் விட்டு அலசியிருந்தாலே பாதிப் படங்கள் பிழைத்திருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவுக்குள் விழுந்து சேரும்படி கட்டிய வீடு அது. அங்கே உட்கார்ந்துகொண்டு போர் தண்ணீரில் அலசியிருக்கிறோம்.

இன்னொரு தப்பும் நடந்தது. மருந்து ஒரு கரண்டி அளவு ஆத்தங்குடிக் கல்லில் (சிமென்ட்டில் செய்த தரை ஓடு) சிந்திவிட்டது. வெயில் பட்டு நீலமாச்சு. சிமென்ட்டும் காரம்தானே, ரெண்டு நாளில் நீலம் போய் துருக்கறை நின்றது. இன்றைக்கும் இருக்கிறது. அதன்மேல் ஒரு பூந்தொட்டி வைத்திருக்கிறோம், வீட்டுக்காரருக்குச் சொல்லியாச்சு.

தேவகோட்டை, ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்:

அறைக் கேமராவைப் பற்றி நீ எழுதாமல் விட்டதால் நான் சொல்கிறேன், அம்மா. எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மை போட்டு ஐயா வீட்டு இரண்டாங்கட்டில் (வளவுக்கு அடுத்த பகுதி) ஓர் அறையில் படுக்க வைத்திருந்தார்கள். கதவில் ஆணி கழன்ற ஓட்டை ஒன்று. மத்தியானம் எதிர்ச் சுவரில் ஒரு மாடு தலைகீழாக நடந்து போயிற்று. அப்பத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் ஏறிவிட்டது என்று வேப்பிலை எடுக்கப் போய்விட்டார். பிறகு பள்ளியில் ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற பாடம் வந்தபோது வகுப்பிலேயே வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் ஒரு நாள் முழுக்க அந்த அறையில் சும்மா உட்காருங்கள். எந்த மணிக்கு எது வெயிலில் இருக்கிறது என்று தெரியாமல் பிளான் எழுதாதீர்கள்.

காரைக்குடி, விஸ்காம் கடைசி வருஷம்:

ஐயா, நீங்கள் சொன்ன இடத்தில்தான் அடுத்த அடி வாங்கினோம். கிழக்குப் பார்த்த வீடு. வெயில் கடுமையாகும் முன்னே முடித்துவிடலாம் என்று காலை ஏழு மணிக்கே போய், முகப்பு அறை ஜன்னல்களைக் கறுப்பு சார்ட்டால் அடைத்து, நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் ஓட்டை போட்டோம். சுவரில் ஒன்றும் இல்லை. எதிர் வீட்டு முகப்பு மேற்குப் பார்த்தது, அதன் முகத்தில் வெயில் விழுவதே மூன்று மணிக்கு மேல்தான். சாயங்காலம் போனோம். எதிர் வீட்டுச் சுதைக் கஜலட்சுமி தலைகீழாக வந்தாள்.

அப்போதும் படம் தெளியவில்லை. அந்தச் சுவர் கண்ணாடி மாதிரி பளபளப்பு, விழுந்த வெளிச்சம் வழுக்கிக்கொண்டு ஒரே பக்கம் போகிறது. வாட்ச்மேன் அண்ணன் உள்ளே போய் ஒரு எட்டு முழ வேட்டியைக் கொண்டுவந்து, "சினிமாக்கொட்டாயில திரை கட்டுவாங்கல்ல" என்று கொடியில் தொங்கவிட்டார். அதுதான் வேலை செய்தது. வேட்டியில் விழுந்த படத்தைப் பதிவுசெய்ய மட்டும் கேமரா: ட்ரைபாட், ஐஎஸ்ஓ 800, 30 விநாடி. அபெலார்டோ மோரெல் என்ற கியூபாவில் பிறந்த அமெரிக்கக் கலைஞர் 1991இலிருந்து இப்படி அறைகளை எடுத்துவருகிறார். அவர் படங்களைப் பார்த்துத்தான் ஆசை வந்தது. அவர் அறைகளில் வேட்டி கிடையாது.

பள்ளத்தூர் மருமகள்:

நான் சயனோடைப்பைத் துணியில் செய்வேன், தலையணை உறை. எல்லாமே நீலமாக இருக்கிறதே என்று சலித்தபோது, வீட்டில் சுண்ணாம்புப் பூச்சு வேலை பார்த்த கொத்தனார் கடுக்காய் ஊறவைத்த தண்ணீரைக் கீழே கொட்டப் போனார். கடுக்காயில் டானின் நிறைய, இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் மை காய்ச்சியதே அப்படித்தானே! ஒரு செம்பு வாங்கி வைத்துக்கொண்டேன். நீலப் படத்தை நீர்த்த சலவைச் சோடாவில் மஞ்சளாகும்வரை வெளுத்து, அலசி, கடுக்காய்த் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டேன். காப்பிப் பொடி நிறம். படத்தின் வெள்ளைப் பகுதியும் கொஞ்சம் பழுப்பேறும், அது பிடிக்காதவர்கள் செய்ய வேண்டாம்.

தங்கச்சி, அந்த முட்டைப் பிரிண்ட்டுக்குக் காசில்லை என்று கவலைப்படாதே. சுவரில் போடுகிற கடுக்காய் இருக்கே.

புதுவயல்காரன்:

நான் கறுப்புக் கவுனி அரிசி கழுவின ஊதாத் தண்ணியைத் தாள்ல பூசி, மேல வேப்பிலை வச்சு மாடியில போட்டேன். வெயில்பட்ட இடம் வெளுத்து, இலை மறைச்ச இடம் ஊதாவா நிக்கணும். மூணு வாரம். லேசா ஒரு நிழல் தெரிஞ்சுது. அதை நிலைநிறுத்த மருந்தும் கிடையாது, வெளிச்சத்துல வச்சா அதுவும் போயிரும். சப்மிஷன் பக்கத்துல இருக்கவங்க இந்தப் பக்கம் வராதீங்க. எங்க அம்மா கவுனி அரிசி விலையைச் சொல்லி இன்னும் திட்டுறாங்க.

காரைக்குடி, விஸ்காம் கடைசி வருஷம்:

அக்கா, கடுக்காய் வாங்கியாச்சு. நோட்டில் தண்ணீருக்கும் ஒரு கட்டம் போட்டாச்சு: போர், சம்பை ஊற்று, மழை. மழைக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. நேற்று ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் அண்ணனிடமிருந்து ஃபோன். "இங்கே இடி இடிக்குது. வளவுல ரெண்டு அண்டாவையும் கழுவித் தூக்கி வச்சுட்டேன். காலையில சீக்கிரம் வா."

பஸ்ஸில் இருந்துதான் எழுதுகிறேன்.