என் வீட்டுக் கூடத்துக்குள் அடங்காத 50 எம்எம்

பத்தாயிரத்துக்குள் தினமும் மாட்டிக்கொண்டு திரிய ஒரே ஒரு லென்ஸ் வேண்டும், எது வாங்கலாம் என்று நேற்று ஒரு கல்லூரித் தம்பி கேட்டிருந்தார். அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் "50 எம்எம் எஃப்/1.8 வாங்கு, யோசிக்காதே" என்று சொல்லிவிட்டார்கள். (எம்எம் எண் கூடினால் காட்சி நெருங்கி வரும், அகலம் குறையும். எஃப் எண் குறைந்தால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்.) 2018-இல் எனக்கும் இதையேதான் சொன்னார்கள், நானும் யோசிக்காமல் வாங்கினேன். அந்த லென்ஸ் மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு முதலில் தேவைப்பட்டது அது இல்லை என்று புரிய ஒன்றரை வருஷம் ஆனது. அந்தக் கதையைச் சொல்கிறேன், அப்புறம் தம்பி முடிவு செய்யட்டும்.

என்னுடையது கேனான் 1300டி, கூடவே வந்த 18-55 எம்எம் ஜூம், கிட் லென்ஸ் என்பார்கள். வீடு திருவல்லிக்கேணியில், ரயில் பெட்டி மாதிரி நீளமான பழைய வீடு, கூடம் பத்தடிக்கு ஒன்பதடி. சாயங்காலம் ஐந்தரைக்குப் பாட்டி கூடத்தில் உட்கார்ந்து மல்லிகை தொடுப்பாள். வாழைநாரின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ வைத்து ஒரே சுண்டில் முடிச்சுப் போடுவாள், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் விரல் எங்கே போய் எங்கே வந்தது என்று பிடிபடாது. நான் கேமரா வாங்கியதே அந்தக் கைகளை எடுக்கத்தான். கிட் லென்ஸை 55-க்குத் திருகினால் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சம் நுழைகிற திறப்பு, எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ என்கிற உணர்திறனை 6400 வரை ஏற்றியும் விரல்கள் இழுபட்டுத்தான் விழுந்தன, படம் முழுக்க ரவையைக் கொட்டியது போலப் புள்ளி. கிட் லென்ஸில்தான் ஐஎஸ் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும், பாட்டியின் விரலை நிறுத்தாது. விரலை நிறுத்த ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு வெளிச்சம் வேண்டும்.

அதனால்தான் கேனானின் 50 எம்எம் எஃப்/1.8 எஸ்டிஎம் வாங்கினேன். 2015-இல் வந்த லென்ஸ், எடை 160 கிராம், கேமராவில் மாட்டியிருப்பதே தெரியாது. எஃப்/5.6-க்கும் எஃப்/1.8-க்கும் நடுவில் வெளிச்சம் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். முதல் நாள் பாட்டியின் முகத்தை எடுத்துவிட்டு கேமராத் திரையைப் பார்த்தேன், மூக்குத்தியில் ஒரு சின்ன ஒளி, பின்னால் பீரோவும் காலண்டரும் கரைந்துபோயிருந்தன. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஒரு மாதம் போனது. என்னிடம் பாட்டியின் முகம் நாற்பது படம் இருந்தது, கை முப்பது படம் இருந்தது. பாட்டியும் பூக்கூடையும் நார் மாட்டிய காலும் பின்னால் முற்றத்து வெளிச்சமும் சேர்ந்த படம் ஒன்றுகூட இல்லை. பின்னால் நகர்ந்தால் முதுகு பீரோவில் இடிக்கிறது. அடுக்களை வாசற்படியில் போய் நின்றேன், அம்மா குக்கரை எடுக்க வழி இல்லாமல் சத்தம் போட்டாள்.

அப்போதுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என்னுடையது கிராப் பாடி, அதாவது படம் பதிகிற சென்சார் சின்னதாக இருக்கிற கேமரா. கேனானில் அந்தச் சென்சாரின் அகலம் 22.3 எம்எம். இதை லென்ஸின் ஃபோகல் லெங்தால், அதாவது அந்த எம்எம் எண்ணால் வகுத்து, நாம் நிற்கிற தூரத்தால் பெருக்கினால் படத்துக்குள் எவ்வளவு அகலம் விழும் என்று தெரிந்துவிடும். பத்தடி தள்ளி நின்றால் 50 எம்எம்மில் நாலரை அடி. 35-இல் ஆறடி சொச்சம். 24-இல் ஒன்பதேகால் அடி. கேமராவை நெடுக்காகத் திருப்பிப் பிடித்தாலும் 50-இல் அதே நாலரை அடிதானே, நின்றுகொண்டிருக்கிற ஆள் தலை முதல் கால் வரை விழவே மாட்டார். என் கூடத்தின் மொத்த நீளமே பத்தடி, அதில் நானும் கேமராவும் ஒன்றரை அடியை எடுத்துக்கொள்கிறோம். 50 எம்எம் என்றால் நம் கண் பார்ப்பது போல இருக்கும் என்று சொல்வார்களே, அது பெரிய சென்சார் இருக்கிற ஃபுல் ஃபிரேம் கேமராவுக்கான பேச்சு. நம் கிராப் பாடியில் அது 80 எம்எம் போல ஆகிவிடுகிறது.

மயிலாப்பூர் அறுபத்துமூவர் அன்றைக்கும் இதே பாடுதான். மாட வீதியில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம், ஒரு அம்மா வாசலில் அண்டா வைத்து நீர்மோர் ஊற்றிக் கொடுக்கிறார். அவர் முகம் வந்தால் டம்ளர் வெளியே போகிறது, டம்ளர் வந்தால் வாங்குகிற கை வெளியே போகிறது. கொஞ்சம் பின்னால் போகலாம் என்றால் பின்னால் இருப்பவர் காலை மிதிக்க வேண்டும்.

தம்பிக்கு நான் சொல்கிற முதல் வேலை இதுதான், பைசா செலவில்லாதது. உன் கிட் லென்ஸில் எடுத்த பழைய படங்களைக் கணினியில் திறந்து ஒவ்வொன்றின் விவரத்திலும் ஃபோகல் லெங்த் என்ன என்று பார். ஒரு நூறு படம் பார்த்தால் போதும். எனக்குப் பாதிக்கு மேல் 22-க்கும் 30-க்கும் நடுவில் இருந்தது. அப்புறம் ஜூம் வளையத்தை 24-இல் வைத்து டேப் ஒட்டிவிட்டு ஒரு வாரம் திரி. அடுத்த வாரம் 35-இல் ஒட்டு. எந்த வாரம் கை டேப்பைப் பிய்க்கத் துடிக்கவில்லையோ அந்த எண்தான் உன் லென்ஸ்.

எனக்கு அது 24. கேனானின் 24 எம்எம் எஃப்/2.8 எஸ்டிஎம், செகண்ட் ஹேண்டில் ஏழாயிரம். 125 கிராம், இரண்டேகால் சென்டிமீட்டர் கனம், தட்டையாகப் பிஸ்கட் மாதிரி இருக்கும். சென்சாரில் இருந்து 16 சென்டிமீட்டர் வரை கிட்டே போய் ஃபோகஸ் செய்யலாம், ஒற்றை மல்லிகை மொட்டும் எடுக்கலாம், அப்படியே நிமிர்ந்து கூடம் முழுவதும் எடுக்கலாம். வெளிச்சத்தில் நஷ்டம் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கிட் லென்ஸ் 24-இல் எஃப்/4 வரை திறக்கிறது, இது 2.8, அதாவது இரண்டு மடங்குதான் லாபம், பத்து மடங்கு இல்லை. அதற்காகப் பாட்டியை முற்றத்து ஓரமாக இரண்டடி நகர்ந்து உட்காரச் சொன்னேன், அவளும் உட்கார்ந்தாள். நான் நினைத்திருந்த படம் கிடைத்தது.

*

அண்ணா சொன்னது கேனான் கதை. நிக்கான் வைத்திருப்பவர்கள் என் கதையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், நான் நாகர்கோவில்.

என்னிடம் டி3200. செகண்ட் ஹேண்ட் கடையில் 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் மற்றதைவிட ரொம்ப மலிவாகக் கிடைத்தது. எல்லா நிக்கானுக்கும் பொருந்தும் என்று கடைக்காரர் சொன்னார். பொருந்தியது, அதில் பொய் இல்லை. மாட்டி ஆன் செய்ததும் திரையில் எஃப்இஇ என்று மூன்று எழுத்து மின்னியது, ஷட்டர் அமுங்கவில்லை. லென்ஸ் போச்சு என்று நினைத்து வயிறு கலங்கிவிட்டது. அந்த லென்ஸில் அப்பர்ச்சருக்கு என்று தனி வளையம் உண்டு, அதை 22-க்குத் திருப்பிப் பூட்டினால்தான் கேமரா ஏற்றுக்கொள்ளும், இது பிறகுதான் தெரிந்தது. சரி, பூட்டினேன். இப்போது ஃபோகஸ் நகரவில்லை.

டி3000 வரிசை, டி5000 வரிசை கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் பாடிக்குள் கிடையாது, லென்ஸுக்குள் இருக்க வேண்டும். பழைய டி வகை லென்ஸ்கள் பாடியில் இருக்கிற மோட்டாரை நம்பிச் செய்தவை. டி90, டி7000 வைத்திருப்பவர்களுக்கு அது அருமையான லென்ஸ், எங்களைப் போன்றவர்களுக்குக் கையால் திருகுகிற லென்ஸ். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். ஏஎஃப்-பி என்று இருந்தால் இன்னும் கவனம், அது டி90, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது.

திருப்பிக் கொடுக்கப் போனேன், கடையில் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு மாதம் அதை வைத்தே பழகினேன். வியூஃபைண்டரின் கீழே ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி உண்டு, ஃபோகஸ் சரியான இடத்துக்கு வந்ததும் அது நிலைத்து நிற்கும். அந்தப் புள்ளியைப் பார்த்தே குளச்சல் கடற்கரையில் வலை பின்னுகிறவர்களை எடுத்தேன், அவர்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் முடிந்தது. அக்கா மகன் தவழ ஆரம்பித்ததும் ஒன்றும் நடக்கவில்லை. நான் புள்ளியைப் பிடிப்பதற்குள் அவன் கட்டிலுக்கு அடியில் இருப்பான்.

அப்புறம் 35 எம்எம் எஃப்/1.8ஜி டிஎக்ஸ் வாங்கினேன். 2009-இல் வந்த லென்ஸ், 200 கிராம், கிராப் பாடிக்கென்றே செய்தது, நிக்கானில் 52 எம்எம் போலத் தெரியும். நிக்கான் ஆட்களுக்கு நடுவாந்தரமான இடம் அதுதான் என்பது என் எண்ணம், வெளிச்சமும் விடவில்லை, அகலமும் ரொம்பக் குறையவில்லை. ஃபங்கஸ் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கும் இரண்டு மழைக்காலத்துக்கும் லென்ஸைத் தோல் பையிலேயே வைத்தால் பூஞ்சை வந்துவிடும், என் கிட் லென்ஸ் அப்படித்தான் போனது. இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஐநூறு ரூபாய்க்குள் ஒரு ஈரப்பத மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால் சூடாக்கிக் காயவைத்துத் திரும்பப் போடலாம்.

*

நான் கும்பகோணம், கல்யாணப் படப்பிடிப்புக்கு உதவியாளராகப் போகிறவள். எல்லோரும் ஜூம் ஆகாத பிரைம் லென்ஸையே பேசுகிறீர்கள், ஜூமுக்காக நான் கொஞ்சம் பேச வேண்டும்.

முதல் முறையாகத் தனியாக எடுத்தது சித்தப்பா மகள் கல்யாணம், உப்பிலியப்பன் கோவிலில். கேமராவில் 50 எம்எம் மாட்டியிருந்தேன், உள்ளே வெளிச்சம் குறைவு என்று. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் கழுத்துக்குக் கொண்டுபோகிறார், கெட்டிமேளம் சொல்லியாகிவிட்டது, அட்சதை விழுகிறது, பின்னால் இருந்து உறவுக்காரர்கள் தள்ளிக்கொண்டு முன்னால் வருகிறார்கள். தள்ளிய தள்ளில் நான் மணமக்களுக்கு நாலடியில் போய் நிற்கிறேன். ஃபிரேமுக்குள் மாப்பிள்ளையின் முழங்கையும் அக்காவின் ஜடையில் வைத்த தாழம்பூவும் இருக்கின்றன, தாலி இல்லை, முகம் இல்லை. லென்ஸ் மாற்ற ஏது நேரம், மொத்தமே பத்து நொடி. அக்கா இன்றுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஆனால் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தில் யாரோ செல்போனில் எடுத்த படம்தான் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

அதன் பிறகு டாம்ரான் 17-50 எஃப்/2.8, விசி (கேனானின் ஐஎஸ் மாதிரி) இல்லாத பழைய மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 50-இலும் எஃப்/2.8 திறக்கிறது, கிட் லென்ஸ் அந்த நீளத்தில் தருவதைப் போல நாலு மடங்கு வெளிச்சம். அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவான எடை, ஃபோகஸ் மோட்டார் கர்ரென்று சத்தம் போடும், வீடியோவில் அது பதிவாகும். இருந்தாலும் கூட்டத்துக்குள் என்னைக் கைவிட்டதில்லை.

இன்னொன்று. பகல் வெயிலில் எஃப்/8 வைத்து எடுத்தால் கிட் லென்ஸ் படத்துக்கும் விலை உயர்ந்த லென்ஸ் படத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். ராத்திரி கோபுர விளக்கு போல அசையாத காட்சிக்கு, ஐஎஸ் இருக்கிற கிட் லென்ஸில் ஷட்டரை நொடியில் பத்தில் ஒரு பங்கு வரை இறக்கிக் கையிலேயே எடுத்திருக்கிறேன், ஐஎஸ் இல்லாத 50-இல் அது நடக்காது. கிட் லென்ஸை விற்றுவிட்டு பிரைம் வாங்கலாம் என்று நினைத்தால் வேண்டாம், தம்பி. விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது.

*

திருவல்லிக்கேணிக்காரன் மறுபடியும். தங்கை சொன்னதை முழுக்க ஒத்துக்கொள்கிறேன், கல்யாண வேலைக்கு ஜூம்தான். தம்பி இப்போது தனியாக எழுதியிருக்கிறார், 1500டி வைத்திருக்கிறாராம், விடுதி அறையில் நண்பர்களையும் தெருவையும் எடுப்பாராம், பழைய படங்களைப் பார்த்ததில் 24-இலும் 28-இலும்தான் நிறைய இருந்ததாம். அப்படியானால் பதில் உன் கையிலேயே இருக்கிறது, 24-ஐ வாங்கு. மிச்சம் இருக்கிற பணத்துக்கு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கு. இப்போதே வேறு எதையும் வாங்கிக் குவிக்காதே.

செகண்ட் ஹேண்ட் என்றால் கடையிலேயே நிதானமாகப் பார்க்க வேண்டும், அவசரப்படுத்தினால் வெளியே வந்துவிடு. பின்பக்கம் செல்போன் டார்ச்சை அடித்து முன்பக்கம் சாய்வாகப் பார், கண்ணாடிக்குள் சிலந்தி நூல் மாதிரி கோடு ஓடினால் ஃபங்கஸ், வேண்டாம். நாலைந்து தூசித் துகள் இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. லென்ஸின் பின்னால் இருக்கிற திருகாணிகளின் தலை தேய்ந்திருந்தால் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து ஒரு செய்தித்தாளை நேராக எடு, நாலு மூலையிலும் எழுத்து ஒரே மாதிரி தெளிவாக இருக்கிறதா பார், ஒரு மூலை மட்டும் மங்கினால் கீழே விழுந்த லென்ஸ். நான் 24 வாங்கப் போனபோது முதலில் காட்டியது அப்படித்தான் இருந்தது, இரண்டாவதுதான் நான் வாங்கியது.

வருகிற சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை, அண்ணா சாலைப் பக்கம் போகலாம் என்றால் நானும் கூட வருகிறேன். உன் கேமராவை எடுத்து வா, பேட்டரி முழுதாக ஏற்றி, மெமரி கார்டோடு. ஒரு செய்தித்தாளும் வேண்டும், அதை நான் கொண்டுவருகிறேன்.