பழைய ஆட்டக்காரர்கள் போதாது என்று நிறுவனங்கள் முடிவு செய்யும்போது

கேள்வி: காய்நகர்த்தி

பன்னிரண்டு ஆண்டுகளாக நான் விடாமல் ஆடிவரும் உத்தி விளையாட்டுத் தொடர் ஒன்று உண்டு. பெயரைச் சொன்னால் விவாதம் அந்த விளையாட்டின் பக்கமே போய்விடும் என்பதால் சொல்லாமல் விடுகிறேன். நான் ஒரு முறை, கணினி ஒரு முறை என்று மாறி மாறிக் காய் நகர்த்தும் வகை அது. இரவில் ஒரு வில்லாளியை ஆற்றங்கரையில் நிறுத்திவிட்டு, பாலத்தைக் காப்பதா மேட்டைப் பிடிப்பதா என்று யோசித்தபடியே உறங்கிப்போய், மறுநாள் எழுந்து அவனை ஒரே ஒரு கட்டம் நகர்த்திய நாட்கள் உண்டு. அண்மையில் வெளிவந்த நான்காம் பாகத்தில் கட்டங்களே இல்லை. திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முப்பது நொடிக்குள் முடிவெடுக்காவிட்டால் படை தானாகவே பாய்ந்துவிடுகிறது. வில்லாளியின் உடையை மாற்ற வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

இன்னும் பலரைச் சென்றடைவதற்காகவே இந்த மாற்றம் என்று நிறுவனம் விளக்கம் அளித்திருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதல் மூன்று பாகங்களை வாங்கி அந்த நிறுவனத்தை நிற்க வைத்தவர்கள் நாங்கள்தாம். எனக்குத் தெரிய வேண்டியது இதுதான்: இப்படிப் பழையவர்களை விட்டுவிட்டுப் பெருங்கூட்டத்தைத் தேடிப் போன நிறுவனங்களுக்கு அந்தக் கூட்டம் உண்மையிலேயே கிடைத்ததா? அல்லது என் வருத்தத்தை நியாயப்படுத்த நான் ஆள் தேடிக்கொண்டிருக்கிறேனா?

பதில்: மேகத்துக்கு மேலே

இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் வருத்தத்திற்குக் காரணம் இருக்கிறது.

விமான ஓட்டல் விளையாட்டுகளில் நடந்ததைச் சொல்கிறேன். மைக்ரோசாஃப்டின் ஃப்ளைட் சிமுலேட்டர் 1982 முதல் வந்துகொண்டிருக்கும் தொடர். 2006-இல் வெளியான எக்ஸ் பதிப்பை ஆடியவர்களில் பலர், பேட்டரி சுவிட்சைப் போடுவதில் தொடங்கி, எரிபொருள் பம்புகளை இயக்கி, எஞ்சின்களை ஒவ்வொன்றாக உயிர்ப்பித்து, சக்கரம் உருள்வதற்கே முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் வகையினர். வெளியார் கண்ணுக்கு அது விளையாட்டாகவே தெரியாது. 2009 ஜனவரியில் அதை உருவாக்கிய ஸ்டூடியோவை நிறுவனம் மூடியது. 2012 பிப்ரவரியில் 'ஃப்ளைட்' என்ற பெயரில், இலவசமாக, புதியவர்களைக் குறிவைத்து வேறொன்று வந்தது. உலகம் முழுவதும் பறந்து பழகியவர்களுக்கு அதில் முதலில் கிடைத்தது ஹவாயின் பெரிய தீவு மட்டுமே. வெளியார் செய்யும் விமானங்களையும் விமான நிலையங்களையும் அதில் சேர்க்க வழியில்லை. விலைக்கு வைத்த விமானங்கள் சிலவற்றில் விமானி அறையே கிடையாது. விமானத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். முக்கால் மணி நேரத்தைச் சுவிட்சுகளோடு கழிப்பவரிடம் சுவிட்சே இல்லாத விமானத்தை நீட்டினால் என்ன செய்வார்? அதே ஆண்டு ஜூலையில், அதாவது ஐந்தே மாதங்களில், அதன் உருவாக்கம் நிறுத்தப்பட்டது. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதைதான்.

இதில் நிறுவனம் கவனிக்கத் தவறிய ஒன்றுண்டு. அந்தச் சிறு கூட்டம் வாங்கும் கூட்டமாக மட்டும் இருக்கவில்லை. ஒவ்வொரு விமான நிலையத்தின் ஓடுபாதையையும் வரைந்து சேர்த்தவர்கள், தனி விமானங்களை ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கி விற்றவர்கள், புதியவர்களுக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்லாரும் அதற்குள்ளேயே இருந்தார்கள். கதவை அடைத்ததும் அந்த உழைப்பு நின்றுவிடவில்லை. எக்ஸ்-பிளேன் என்ற போட்டி விளையாட்டின் பக்கமும், பழைய நிரலின் உரிமையை வாங்கி லாக்ஹீட் மார்ட்டின் நடத்திய பிரிபேர்3டி பக்கமும் நகர்ந்துவிட்டது. 2020-இல் பிரெஞ்சு ஸ்டூடியோவான அசோபோவின் கையால் தொடர் திரும்பி வந்தபோது உலகம் முழுவதும் இருந்தது, வெளியார் ஆட்-ஆன்களுக்கு இடம் இருந்தது, சுவிட்சுகளும் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், தன் வீட்டுக் கூரையை வானத்திலிருந்து பார்க்க ஆசைப்பட்ட புதியவர்களும் அதற்குத்தான் வந்தார்கள்.

பதில்: நிரலெழுதி

நான் ஒரு சிறிய ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறேன். மேலே சொன்னதில் தவறேதும் இல்லை. ஆனால் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால் காட்சி கொஞ்சம் மாறும். ஒரு தொடரின் ஒவ்வொரு பாகத்திற்கும் செலவு கூடிக்கொண்டே போகிறது. வாங்குபவர்களோ முந்தைய பாகத்தை வாங்கியவர்களில் ஒரு பகுதியினர். பழையவர்கள் கேட்பதையே கேட்டுக் கேட்டுச் செய்தால் விளையாட்டு மேலும் மேலும் கடினமாகி, உள்ளே வர எண்ணுபவருக்கு வாசலே தெரியாமல் போய்விடும். கருத்துப் பகுதியில் நாள்தோறும் எழுதுபவர்களே மொத்த ஆட்டக்காரர்கள் என்று நினைத்து நாங்கள் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்டோம். அவர்கள் கேட்டபடி ஆட்டத்தை இடையில் சேமித்து வைக்கும் வசதியைக் கடினமாக்கினோம். முதல் வாரத்திலேயே பெரும்பாலோர் இரண்டாம் நிலையைத் தாண்டாமல் விட்டுவிட்டார்கள். எழுதாதவர்கள்தாம் அதிகம் இருந்திருக்கிறார்கள்.

மாற்றம் என்றாலே துரோகம் என்பதையும் நான் ஏற்கவில்லை. ரெசிடென்ட் ஈவில் என்ற திகில் விளையாட்டுத் தொடரின் நான்காம் பாகம் 2005-இல் வந்தபோது அசையாத கேமராவையும் மெதுவான நடையையும் தூக்கி எறிந்துவிட்டுத் தோளுக்குப் பின்னாலிருந்து சுடும் ஆட்டமாக மாறியது. இன்று அதைக் குறை சொல்லும் பழைய ரசிகரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதே தொடர் 2012-இல் ஆறாம் பாகத்தில் வெடிகுண்டும் துரத்தலுமாக ஓடி, ரசிகர்களின் வசையை வாங்கிக் கட்டிக்கொண்டு, 2017-இல் ஏழாம் பாகத்தில் ஒரு பாழ்வீட்டுக்குள் மீண்டும் அடக்கமாக நுழைந்தது. இரண்டு மாற்றங்களுக்கும் என்ன வேறுபாடு? நான்காம் பாகத்தில் துப்பாக்கி கையில் இருந்தாலும் பயம் இருந்தது. ஆறாம் பாகத்தில் பயத்திற்கு நேரமே இல்லை.

உங்கள் வகைக்கு நெருக்கமான சான்று ஃபயர் எம்பளம் தொடர். போரில் இறந்த வீரன் திரும்ப மாட்டான் என்பது அதன் உயிர்நாடி. 2012-இல் 'அவேக்கனிங்' பாகத்தில், இறந்தவர் அடுத்த போரில் திரும்பி வரும் எளிய முறையையும் ஒரு தெரிவாக வைத்தார்கள். பழைய முறையை எடுக்கவில்லை. தொடங்கும்போது எது வேண்டும் என்று கேட்டார்கள். நின்றுபோகும் நிலையில் இருந்த தொடர் அந்தப் பாகத்தோடு பிழைத்துக்கொண்டது. வாசலை அகலப்படுத்துவதற்கு வீட்டை இடிக்க வேண்டியதில்லை.

பதில்: பழைய சர்வர்

எளிய முறையைத் தெரிவாக வைப்பது தனியாக ஆடும் விளையாட்டுக்குப் பொருந்தும். ஆன்லைனில் பல்லாயிரம் பேர் ஒன்றாக வாழும் விளையாட்டில் அது முடியாது. அங்கே விதியை மாற்றினால் எல்லாருக்கும் சேர்த்தே மாறும். ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற விளையாட்டைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். 2003-இல் தொடங்கியபோது அதில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் இருந்தன. துப்பாக்கியையே தொடாமல் ஒருவர் தையல்காரராகவோ கட்டடக் கலைஞராகவோ விலங்குகளைப் பழக்குபவராகவோ காலம் தள்ளலாம். மதுக்கூடத்தில் நடனமாடுவது ஒரு முழுநேரத் தொழில். போரில் களைத்து வந்தவர்கள் அந்த நடனத்தைப் பார்த்தால்தான் களைப்பு நீங்கும் என்று விதி இருந்ததால், வேட்டைக்காரர்கள் வரிசையாக வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஸ்டார் வார்ஸ் கதையின் நாயகர்களான ஜெடை வீரராவது அரிதினும் அரிது.

2004 நவம்பரில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற போட்டி விளையாட்டு வந்து பெருங்கூட்டத்தை ஈர்த்தது. அடுத்த நவம்பரில் கேலக்ஸீஸ் ஒரே புதுப்பிப்பில் அத்தனை தொழில்களையும் ஒன்பதாகச் சுருக்கி, சண்டையை வேகமாக்கி, யார் வேண்டுமானாலும் முதல் நாளிலேயே ஜெடை ஆகலாம் என்று அறிவித்தது. விலங்கு பழக்குபவர் தொழில் அடியோடு போனது. அதற்கு முந்தைய சில வாரங்களில் ஒரு விரிவாக்கப் பகுதியைப் பணம் வாங்கிக்கொண்டு விற்றிருந்ததால் வந்த கூச்சலில், பணத்தைத் திருப்பித் தரவும் நேர்ந்தது. பழையவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். வருவார்கள் என்று எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது ஏற்கெனவே வேறோரிடத்தில் இன்னும் நன்றாகக் கிடைத்துக்கொண்டிருந்தது. 2011 டிசம்பர் 15 அன்று சர்வர்கள் அணைக்கப்பட்டன. பழைய விதிகளோடு அதே உலகத்தை ரசிகர்கள் தாங்களே மறுபடி எழுதி, தங்கள் சர்வர்களில் நடத்தி வருகிறார்கள். நடனக்காரர்களும் அங்கே இருக்கிறார்கள்.

பதில்: ஒன்பது கட்டம்

சுருக்கமாக ஒன்று. நகரம் கட்டும் விளையாட்டான சிம்சிட்டி 2013-இல் எப்போதும் இணையத்தில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையோடும், பக்கத்துக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுள்ள சிறு நிலத்தோடும் வந்தது. பொறுமையாகப் பெருநகரம் கட்ட விரும்பியவர்களுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. 2015 மார்ச் தொடக்கத்தில் அதை உருவாக்கிய எமரிவில் ஸ்டூடியோ மூடப்பட்டது. சரியாக அதே மாதம் 10-ஆம் நாள், பின்லாந்தில் ஒரு டஜன் பேர் சேர்ந்து உருவாக்கிய சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் வெளிவந்தது. ஏறக்குறைய அதே அளவுள்ள ஒன்பது கட்டங்களை அதில் ஒன்றன்பின் ஒன்றாக வாங்கிச் சேர்க்கலாம். அதுவும் போதாது என்றவர்கள் மாட் (விளையாட்டை மாற்றும் ரசிகர் நிரல்) எழுதி இருபத்தைந்தாக்கிக்கொண்டார்கள். விட்டுப்போன இடம் வெகுநாள் காலியாக இருப்பதில்லை.

காய்நகர்த்தி

அனைவருக்கும் நன்றி. நிரலெழுதி அவர்கள் சொன்ன, எழுதாமல் ஆடுபவர்களைப் பற்றிய செய்தி எனக்குக் கொஞ்சம் உறைத்தது. நானே கருத்துப் பகுதியில் நாள்தோறும் எழுதுபவன்தான். இருந்தாலும் ஓர் ஐயம். கடிகாரத்தையும் கட்டமில்லாத களத்தையும் ஏற்கெனவே பத்து விளையாட்டுகள் நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போது, பதினொன்றாவதாகப் போய் நிற்பதில் என்ன கணக்கு இருக்க முடியும்?

நிரலெழுதி

கணக்கு எளிது: முதலீட்டாளரிடம் காட்டும் தாளில் பெரிய சந்தையின் அளவு இருக்கும், அதில் ஏற்கெனவே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இருக்காது. எக்ஸ்-காம் தொடரை நினைத்துப் பாருங்கள். 2010-இல் அதைச் சுடும் விளையாட்டாக அறிவித்தார்கள், ரசிகர்கள் கொதித்தார்கள். பிறகு ஃபிராக்ஸிஸ் ஸ்டூடியோ முறைவைத்து ஆடும் பழைய வடிவத்தைச் சீர்செய்து 2012-இல் வெளியிட்டது. அதுதான் தொடரை மீட்டெடுத்தது. சுடும் வகை அடுத்த ஆண்டு வேறு பெயரில் வந்து சத்தமில்லாமல் போனது. இரண்டையும் வெளியிட்டது ஒரே நிறுவனம் என்பதால், எந்தத் தாள் சரி என்று அவர்களுக்கே தெரிந்திருக்கும். உங்கள் நிறுவனத்துக்கு அப்படி இரண்டு குதிரைகளில் பணம் கட்ட வசதி இருக்காது என்று நினைக்கிறேன்.

காய்நகர்த்தி

இல்லைதான். நான் மூன்றாம் பாகத்தையே மறுபடி நிறுவிவிட்டேன். புதிய திரையில் கட்டங்களின் கோடுகள் மங்கித் தெரிகின்றன, எழுத்துகள் எறும்பு அளவில் இருக்கின்றன. இதற்கு வழி தெரிந்தவர்கள் யாராவது உண்டா?

பழைய சர்வர்

நிறுவிய கோப்புறையில் அமைப்புக் கோப்பு ஒன்று இருக்கும். அதைத் திறந்து, திரையின் அளவைக் குறிக்கும் எண்களைப் பாதியாகக் குறைத்துப் பாருங்கள். பழைய விளையாட்டுகள் பலவற்றில் எழுத்து பெரிதாகிவிடும். கோடுகள் அப்போதும் தெளியாவிட்டால், அந்தப் பாகத்திற்கு ரசிகர்கள் எழுதிய பேட்ச் (குறைகளைச் சரிசெய்யும் சிறு நிரல்) எதுவும் இருக்கிறதா என்று தேடுங்கள். மாற்றுவதற்கு முன்பு, உங்கள் வில்லாளி நிற்கும் சேமிப்புக் கோப்பை மட்டும் மறக்காமல் வேறோரிடத்தில் நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.