மறுமொழி: தாங்குகாலுக்குள் இறக்கும் ஷாக்கும் அதன் அடியில் வைக்கும் அண்டையும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் தாங்குகாலுக்குள் இறக்கும் ஷாக்கான 'இன்செர்ட்' என்பதற்குச் 'செருகி' என்றும் அதன் அடியில் வைக்கும் 'ஸ்பேசர்' என்பதற்கு 'இடைவெளியாக்கி' என்றும் முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பெயருக்குப் போகுமுன் பொருளைப் பார்த்துவிடுவோம்.

1969இன் இறுதியில் அறிமுகமான டாட்சன் 240 இசட் காரின் நான்கு சக்கரங்களிலும் தாங்குகால்களே (ஸ்ட்ரட்: சுருள்வில்லும் ஷாக் அப்சார்பர் எனும் ஷாக்கும் சேர்ந்து வண்டியைச் சக்கரத்தின் மேல் தாங்கும் கால்) இருந்தன. அதன் முன்காலைப் பிரித்தால், ஓர் எஃகுக் குழலும், அதற்குள் பிஸ்டனும் வால்வும் எண்ணெயும் இருப்பதைக் காணலாம். பழுதானால், சுருள்வில்லை இறுக்கிப் பிடித்து அகற்றிய பிறகு, குழலின் வாயை மூடியிருக்கும் கழுத்து நட்டைக் கழற்றி, உள்ளிருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு, முழுமையாக மூடப்பட்ட வேறொரு ஷாக்கை அந்தக் குழலுக்குள் இறக்குவார்கள். அது குழலைவிடக் குட்டையாக இருந்தால், நட்டு குழலின் விளிம்பில் முட்டி நிற்குமே தவிர ஷாக்கை அழுத்திப் பிடிக்காது. வண்டி ஓடும்போது ஷாக் உள்ளே மேலும் கீழும் ஆடி 'டக் டக்' என்று அடிக்கும். ஆகவே அடியில் ஒரு குழல்துண்டை வைத்து உயரத்தைச் சரிசெய்கிறார்கள். நட்டை முழுவதும் முறுக்கிய பிறகும் அதற்கும் விளிம்புக்கும் நடுவே நூலளவு சந்து தெரிந்தால்தான் பிடி சரியாக விழுந்திருக்கிறது என்று பொருள்.

பள்ளியில் பேனாவுக்குக் குட்டையான ரீஃபில் கிடைத்தபோது பின்னால் காகிதத்தைச் சுருட்டி வைத்து மூடியை முறுக்கினோமே, அதே வேலைதான் இது.

'செருகி' என்றால் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் நிற்பதுதான் நினைவுக்கு வருகிறது. மின்செருகி என்ற வழக்கும் உண்டு. ஷாக்குக்கு 'அதிர்வேற்பி' என்பதும் பொருந்தாது, ஏனெனில் பள்ளத்தின் அதிர்ச்சியை ஏற்பது சுருள்வில். அதன்பின் எழும் துள்ளலை அடக்குவதே ஷாக்கின் வேலை. பாடநூல்களின் 'தடையுறு அலைவு' (மெல்ல மெல்ல அடங்கும் ஆட்டம்) என்பதிலிருந்து 'தடுப்பி' என்று அமைத்தால் பிரேக்கோடு குழம்பும். எனவே 'தணிப்பி' என்றும், குழலுக்குள் இறக்குவதை 'உள்தணிப்பி' என்றும் சொல்லலாம் என்பது என் பரிந்துரை. (புணர்ச்சி விதிப்படி 'உட்டணிப்பி' ஆகும். பட்டறையில் அதை யார் படிப்பது? பிரித்தே எழுதுவோம்.)

'இடைவெளியாக்கி' பொருளையே தலைகீழாக்குகிறது. இங்கே அது இடைவெளியை உண்டாக்கவில்லை, அடைக்கிறது. ஆடும் பீரோவின் காலடியில் அண்டை கொடுப்பது நம் வீடுகளில் உள்ள பேச்சுதான். அந்த 'அண்டை'யே போதும். அண்டை வீட்டாரோடு குழப்பம் வரும் என்று சிலர் சொல்லக்கூடும், ஆனால் தாங்குகாலுக்குள் அண்டை வீட்டாரைத் தேடுபவர் இருக்கமாட்டார்.

ஆங்கிலம் 'ஸ்பேசர்' என்ற அதே சொல்லால் குறிக்கும் இன்னொரு பொருளைப் பிரித்தாக வேண்டும். வண்டியின் உயரத்தைக் கூட்டுவதற்காகத் தாங்குகாலின் உச்சிக்கும் உடற்கூட்டுக்கும் நடுவே வைக்கும் தடித்த வளையம் அது. அதற்கு 'உயர்த்துவளையம்' என்பதே தகும். இரண்டையும் ஒரே பெயரால் எழுதினால், குழலுக்குள் வைக்க வேண்டியதைக் கேட்டவருக்குக் கடைக்காரர் மேலே வைப்பதை எடுத்துத் தருவார்.

கையேட்டு வரி இப்படி அமையும்: 'குழலின் அடியில் அண்டையை வைத்து, உள்தணிப்பியை இறக்கி, சுற்றிலும் சிறிது எண்ணெய் ஊற்றி, கழுத்து நட்டை முறுக்கவும்.' இந்த எண்ணெய் துள்ளலைத் தணிப்பதற்கு அன்று, சூட்டை வெளிக்குழலுக்குக் கடத்துவதற்கு மட்டுமே. அதற்குத் தனிப்பெயர் தேவையில்லை என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.