திசுப்படலத்தைக் கையால் அழுத்தும் சிகிச்சை தாண்டும் திறனைக் கூட்டுமா?

கேள்வி (உடற்கல்வி ஆசிரியர்):
வணக்கம். என்னிடம் நீளம் தாண்டுதல் பயிலும் மாணவி ஒருவருக்குப் பின்தொடைத் தசை எப்போதும் இறுக்கமாகவே இருக்கிறது. தசையைப் போர்த்தியுள்ள திசுப்படலம் ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், கையால் மெதுவாக அழுத்தி இழுத்து அதைப் பிரித்துவிட்டால் தாண்டும் தூரம் கூடும் என்றும் இயன்முறை மருத்துவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். ஆறு முறை சென்று வந்தாயிற்று. கால் இலகுவாகிவிட்டது என்கிறார் மாணவி. தூரமோ அப்படியே இருக்கிறது. இந்தச் சிகிச்சை தசையின் திறனை உண்மையிலேயே மாற்றுமா?

பதில் (இயன்முறை மருத்துவர்):
மாணவி சொல்வதும் உண்மை, நீங்கள் அளந்த தூரமும் உண்மை. பிழை அவருக்குச் சொல்லப்பட்ட விளக்கத்தில்தான் இருக்கிறது. தொடையைச் சுற்றியுள்ள அகன்ற படலம் கொலாஜன் என்னும் புரதத்தாலான மிக உறுதியான இழைகளால் ஆனது. அதை 1 சதவீதம் அமுக்குவதற்கே ஏறத்தாழ 925 கிலோ எடைக்கு நிகரான விசை தேவை என்று 2008இல் வெளியான ஒரு கணித மாதிரி காட்டியது. அவ்வளவு விசையை எந்தக் கையாலும் தர முடியாது. ஆனால் அழுத்தத்தையும் இழுவையையும் உணரும் நரம்பு முனைகள் அந்தப் படலத்தில் ஏராளமாக உள்ளன. நிதானமான அழுத்தம் அவற்றைத் தூண்டுவதால், தசை நீளும்போது உடல் பொறுத்துக்கொள்ளும் எல்லை சிறிது நேரத்துக்கு உயர்கிறது என்பதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம். ஒரு காலில் ஃபோம் ரோலரை (தசைமேல் உருட்டும் நுரை உருளையை) உருட்டினால் உருட்டாத காலிலும் அசைவு வீச்சு, அதாவது மூட்டு அசையும் அளவு, சற்றுக் கூடுவதை வேறு எப்படி விளக்குவது?

பதில் (தடகளப் பயிற்சியாளர்):
கைச் சிகிச்சை அல்ல, ஃபோம் ரோலர் என்றாலும் இதையும் கவனியுங்கள். 2013இல் 11 ஆண்களைக் கொண்டு நடந்த ஆய்வில், முன்தொடையில் 2 நிமிடம் உருட்டியதும் முழங்காலின் அசைவு வீச்சு சுமார் 10 பாகை கூடியது. 10 நிமிடத்துக்குப் பின்னும் 8 பாகை எஞ்சியிருந்தது. தசையின் விசை கூடவுமில்லை, குறையவுமில்லை. குறையாததையே நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனெனில் தாண்டுவதற்குச் சற்று முன்பு ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கு மேல் தசையை நீட்டிப் பிடித்தால் விசை சற்றுக் குறையக்கூடும். மாணவிக்கு முன்பு தசைக்கிழிவு ஏற்பட்டதுண்டா?

கேட்டவர்:
ஆம், சென்ற ஆண்டு இடது காலில். இறுக்கமும் அந்தக் காலில்தான்.

பதில் (இயன்முறை மருத்துவர்):
அப்படியானால் முதலில் இரு கால்களின் பின்தொடை வலிமையையும் அளந்து ஒப்பிடச் சொல்லுங்கள். கீழ்முதுகிலிருந்து வரும் நரம்பு உறுத்தப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இடது கால் வலிமை குறைந்திருந்தால், மீதமுள்ள அமர்வுகளுக்கான நேரத்தை, முழந்தாளிட்டு உடலை மெதுவாக முன்னே சாய்க்கும் நார்டிக் பயிற்சிக்குக் கொடுங்கள்.