டெம்பரேச்சரை 0 வைத்தால் பாட் ஒரே பதில்தான் சொல்லுமாம்!

வெக்டர்வேலன்:
இரண்டு நாளாக ஒரு பதிவு எல்லாக் குழுவிலும் சுற்றுகிறது. "வாடிக்கையாளர் சேவைக்கு எல்எல்எம் வைக்கும் நிறுவனங்களே, டெம்பரேச்சரை 0 ஆக்குங்கள். பாட் பொய் சொல்லாது, ஒரே கேள்விக்கு ஒரே பதில்தான் வரும்." எழுதியவர் 'ஏஐ மாற்ற ஆலோசகர்' என்று பட்டம் வேறு போட்டிருக்கிறார். சொன்னது இரண்டு, இரண்டும் தப்பு. (எல்எல்எம் என்றால் சாட்ஜிபிடிக்குப் பின்னால் இருப்பது போல உரை எழுதும் பெரிய மொழி மாடல். டெம்பரேச்சர் என்றால் அதன் விடையில் எவ்வளவு குலுக்கல் வேண்டும் என்று சொல்லும் எண்.)

மாடல் விடையைச் சொல் துண்டு துண்டாக எழுதும், அந்தத் துண்டுதான் டோக்கன். அடுத்த டோக்கனுக்காக மாடல் கணக்கிட்ட மதிப்பெண்களை டெம்பரேச்சரால் வகுத்து, சாஃப்ட்மேக்ஸ் என்ற கணக்கால் நிகழ்தகவாக்கி, அதன்படி குலுக்கி ஒன்றை எடுக்கிறார்கள். 0 என்றால் குலுக்கல் இல்லை, முதலிடம் வாங்கிய டோக்கனை அப்படியே எடு என்று பொருள். முதலிடம் வாங்கியது உண்மையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? உங்கள் ரீஃபண்ட் கெடு 14 நாள், மாடல் 30 நாள் என்று நினைத்துக்கொண்டிருந்தால், 0 வைத்த பிறகு வருகிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்லும், 30 என்று.

புரொடக்ஷன்_பாண்டி:
அந்தப் பதிவை இந்தக் குழுவில் பகிர்ந்தது நான். சுற்றி வளைத்துக் குத்துவதற்குப் பதில் பெயரைச் சொல்லியே எழுதியிருக்கலாம் வேலன் சார்.

பொய் விஷயத்தை ஓரமாக வைப்போம். 'ஒரே கேள்விக்கு ஒரே பதில்' என்பதில் என்ன தப்பு? பெரிய எண்ணைத் தேர்ந்தெடு என்பது கணக்கு. காலையில் பெரிதாக இருந்த எண் மாலையில் சின்னதாகிவிடுமா?

வெக்டர்வேலன்:
ஆகும் பாண்டி அண்ணே. 10-இன் 20-ஆம் அடுக்கோடு 0.1 கூட்டி, பிறகு அதே பெரிய எண்ணைக் கழியுங்கள். கணினி 0 என்று சொல்லும். பெரிய எண்ணை முதலில் கழித்துவிட்டு 0.1 கூட்டினால் 0.1 என்று சொல்லும். கணினி ஓரளவு இலக்கங்களைத்தான் வைத்துக்கொள்ளும், அதனால் தசமக் கூட்டலில் வரிசை மாறினால் விடை மாறலாம். உங்கள் கேள்வி சர்வரில் தனியாக ஓடுவதில்லை, அந்த நொடியில் வந்த மற்றவர்களின் கேள்விகளோடு ஒரே பேட்சில், அதாவது ஒரே தொகுப்பில், ஓடுகிறது. பேட்ச் அளவு மாறினால் ஜிபியுவில் (கணக்குப் போடும் சிப்பில்) கூட்டும் வரிசை மாறும், மதிப்பெண்களின் கடைசி இலக்கங்கள் அசையும். முதல் இரண்டு டோக்கன்கள் நெருக்கமாக இருந்தால் முதலிடம் கைமாறும். ஒரு டோக்கன் மாறினால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் வேறு பாதை.

திங்கிங் மெஷின்ஸ் லேப் என்ற ஏஐ நிறுவனம் 2025 செப்டம்பரில் இதைச் செய்தே காட்டியது. க்வென்-3 235பி மாடல், டெம்பரேச்சர் 0, இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மனைப் பற்றிச் சொல் என்று 1000 முறை கேட்டார்கள். வந்தது 80 விதமான விடை. அதிகமாக வந்த விடைகூட 78 முறைதான். முதல் 102 டோக்கன் எல்லாவற்றிலும் ஒன்று, 103-ஆவதில் பிரிந்தது. பிறந்த ஊரை 992 விடைகள் 'க்வீன்ஸ், நியூயார்க்' என்றன, 8 விடைகள் 'நியூயார்க் நகரம்' என்றன.

புரொடக்ஷன்_பாண்டி:
க்வீன்ஸ் நியூயார்க் நகரத்தில்தான் இருக்கிறது! இரண்டும் சரிதானே? இதற்கா இவ்வளவு சத்தம்? அதே கட்டுரையில், பேட்ச் மாறினாலும் கூட்டல் வரிசை மாறாத கெர்னல்களை (ஜிபியுவில் கணக்கை ஓட்டும் சிறு நிரல்களை) போட்டதும் 1000 விடையும் அச்சு அசலாக ஒன்றாக வந்ததே, அதை ஏன் விழுங்கினீர்கள்? ஆக 0 வைத்தால் ஒரே பதில் வரும். செய்யத் தெரிந்தவர் செய்தால் வரும்.

வெக்டர்வேலன்:
அந்தக் கெர்னல் உங்கள் கையில் இருக்கிறதா? நிறுவனங்கள் வாடகைக்கு எடுப்பது ஏபிஐ, அதாவது விற்பவரின் சர்வரில் ஓடும் மாடலை அழைக்கும் வழி. உள்ளே எந்தக் கெர்னல் ஓடுகிறது என்பதை விற்பவர் முடிவு செய்கிறார். அது வேகத்தையும் குறைக்கும், சும்மா போட்டுத் தர மாட்டார்கள். வாடகை ஏபிஐயில் 0 வைத்தால் ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும் என்று நம்ப முடியாது. முடியாது.

கனகவல்லி_சிஎக்ஸ்:
எல்லா நாளும் ஒரே மாதிரி சொல்வதைப் பற்றிப் பேசுகிறீர்களா, சரியாகச் சொல்வதைப் பற்றியா? இரண்டும் வேறு. அதை முதலில் முடிவு செய்தால் நல்லது.

புரொடக்ஷன்_பாண்டி:
மேடம், அது அப்புறம். சீட் என்று, குலுக்கலை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆக்கும் ஒரு அமைப்பு இருப்பது வேலன் சாருக்குத் தெரியுமா? சீட் ஒரு எண், டெம்பரேச்சர் 0, முடிந்தது வேலை.

வெக்டர்வேலன்:
குலுக்கலே இல்லாத இடத்தில் சீட் எதை நிலைநிறுத்தும்? ஓபன்ஏஐ 2023 நவம்பரில் சீட்டை வெளியிட்டபோது கூடவே சிஸ்டம் ஃபிங்கர்பிரின்ட் என்ற அடையாளக் குறியையும் கொடுத்தது. பின்னணியில் அமைப்பு மாறினால் அதுவும் மாறும், நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஒரே விடைக்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்கள் ஆவணமே சொல்கிறது. விற்கிறவனுக்கே இல்லாத தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? அவர்களின் ஓ1 மாடல் வந்தபோது டெம்பரேச்சரை 1-இல் பூட்டியே விட்டார்கள். 0 அனுப்பினால் கிடைத்தது பிழைச் செய்தி. உங்கள் ஆலோசகர் அங்கே என்ன செய்வார், பூட்டுக்குப் பூஜை போடுவாரா?

ஓய்வில்லா_டெஸ்டர்:
சண்டை போடுவதற்குச் சோதித்துப் பார்க்கலாமே. 200 கேள்விகளை எடுங்கள். அதில் 40-க்கு பாட் பார்க்கும் நிறுவன ஆவணங்களில் விடையே இருக்கக் கூடாது, 'தெரியவில்லை, ஆளிடம் மாற்றிவிடுகிறேன்' என்று சொல்கிறதா என்று பார்க்கத்தான். ஒவ்வொன்றையும் 10 முறை, நெரிசலான நேரத்தில் ஓட்டுங்கள். ஆளில்லாத நள்ளிரவில் ஓட்டினால் பேட்ச் சின்னதாக இருக்கும், எல்லாம் ஒன்றாக வருவது போலத் தெரியும். மாடல் பெயரில் 'லேட்டஸ்ட்' என்று விடாமல் தேதியிட்ட பதிப்பைக் கட்டிவையுங்கள், இல்லாவிட்டால் விற்பவர் மாடலை மாற்றிய அன்று சோதனையெல்லாம் வீண். வாக்கியம் ஒன்றா என்று பார்க்காதீர்கள். நாள், தொகை, நிபந்தனை இந்த மூன்றும் ஒன்றா, சரியா என்று பாருங்கள்.

புரொடக்ஷன்_பாண்டி:
பார்த்தீர்களா, 'எல்லாம் ஒன்றாக வருவது போல' என்று டெஸ்டரே சொல்லிவிட்டார்.

ஓய்வில்லா_டெஸ்டர்:
'போல' என்ற சொல்லை மட்டும் வசதியாகத் தாண்டிவிட்டீர்கள்.

வெக்டர்வேலன்:
பாட் தப்பாகச் சொல்வதற்கு டெம்பரேச்சர் முக்கியக் காரணம் இல்லை, பெரும்பாலும் தேடல்தான் காரணம். தேடல் என்றால், நிறுவன ஆவணங்களைத் துண்டாக்கிச் சேமித்து, கேள்விக்குப் பொருத்தமான துண்டுகளை மாடலிடம் எடுத்துக் கொடுக்கும் வேலை. ரீஃபண்ட் ஆவணத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது என்று வையுங்கள். பொருள் வகை, கெடு, கழிவு என்று மூன்று நெடுவரிசை. டோக்கனை எண்ணி வெட்டினால் கத்தி அட்டவணையின் நடுவில் விழும். தலைப்பு வரிசை ஒரு துண்டில், '15' என்ற எண் அடுத்த துண்டில். அந்த 15 நாளா, சதவீதமா என்று மாடலுக்கு எப்படித் தெரியும்? ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு சரளமாக எழுதிவிடும். ஒவ்வொரு வரிசையோடும் தலைப்பை ஒட்டி, 'மின்சாதனம், கெடு 14 நாள், கழிவு 15 சதவீதம்' என்று முழு வரியாக்கித்தான் சேமிக்க வேண்டும்.

பழைய பிடிஎஃப்பும் புதிய பிடிஎஃப்பும் ஒரே இண்டெக்ஸில் (தேடல் பட்டியலில்) கிடப்பது அடுத்த வியாதி. எம்பெட்டிங்குக்கு, அதாவது உரையின் பொருளை எண்களாக மாற்றும் முறைக்கு, இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், 2021 விதியா 2025 விதியா என்று அது பார்க்காது. அமலுக்கு வந்த தேதியை மெட்டாடேட்டாவில் (துண்டோடு ஒட்டிய குறிப்பில்) போட்டு, தேடும் முன்பே வடிகட்ட வேண்டும். பிழைக் குறியீடு, மாடல் எண் போன்றவற்றில், அந்த எண்களை ஒப்பிடும் வெக்டர் தேடல் கோட்டை விடும். பக்கத்தில் சொல்லுக்குச் சொல் பொருத்தும் பிஎம்25 தேடலும் ஓட வேண்டும். இரண்டிலும் சேர்த்து 40 துண்டு எடுத்து, ரீரேங்கர் வைத்து மறுவரிசைப்படுத்தி, மேலே வந்த 5-ஐ மட்டும் மாடலிடம் கொடுங்கள். 40-ஐயும் கொட்டினால் நடுவில் இருப்பதை அது கவனிக்காமல் போகும். இதையெல்லாம் விட்டுவிட்டு 0 வையுங்கள், 0 வையுங்கள் என்று ஒரே ஜபம்.

புரொடக்ஷன்_பாண்டி:
துண்டு வெட்டுவதைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள்! போன முறை சங்கிங் (துண்டு வெட்டுதல்) பற்றிய திரியில் "500 டோக்கன், 50 ஓவர்லாப், கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள்" என்று நான்கு பக்கம் அடம்பிடித்தது யார்? அட்டவணை என்ன ஆகும் என்று அன்று நான் கேட்டதற்குக் கிண்டல் பண்ணினீர்கள்.

வெக்டர்வேலன்:
அது தொடர் உரைநடைக்குச் சொன்னது. சூழலை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டுவதில் உங்களை மிஞ்ச ஆளில்லை.

குட்டி_டெவ்:
அண்ணா, ஏர் கனடா விமான நிறுவன விவகாரத்திலும் டெம்பரேச்சர்தான் பிரச்சினையா? பாட் சொன்னதை நம்பி டிக்கெட் எடுத்த பயணிக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்களே.

புரொடக்ஷன்_பாண்டி:
அதேதான் தம்பி. 0 வைத்திருந்தால் அந்தத் தீர்ப்பே வந்திருக்காது.

வெக்டர்வேலன்:
காதில் பூச் சுற்றாதீர்கள். பயணி பாட்டிடம் கேட்டது 2022 நவம்பரில். சாட்ஜிபிடி வெளிவந்ததே அந்த மாதம் 30-ஆம் தேதி. அந்த பாட் எல்எல்எம் என்று தீர்ப்பில் எங்கே இருக்கிறது? எந்த வகை பாட் என்று நிறுவனம் விளக்கவே இல்லை. துக்கச் சலுகைக் கட்டணத்தைப் பயணம் முடிந்த பிறகும், டிக்கெட் எடுத்த 90 நாளுக்குள் கேட்டு வாங்கலாம் என்றது பாட். அது கொடுத்த இணைப்பைச் சொடுக்கினால், பயணத்துக்குப் பின் கேட்க முடியாது என்று பக்கம் சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியா குடிமைத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து 812.02 கனடிய டாலர் கட்டச் சொன்னது. பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற மாதிரி நிறுவனம் வாதாடிப் பார்த்தது, எடுபடவில்லை. அங்கே பிரச்சினை இரண்டு இடத்தில் இரண்டு விதி. அதை டெம்பரேச்சரால் எப்படித் திருத்துவீர்கள்?

புரொடக்ஷன்_பாண்டி:
எல்எல்எம் இல்லை என்றும் தீர்ப்பில் எழுதவில்லையே!

கனகவல்லி_சிஎக்ஸ்:
தயவுசெய்து. நிறுவனங்கள் தடுக்கி விழும் இடம் வேறு. வாடிக்கையாளர் சன்னலை மூடிவிட்டுப் போனதைப் 'பாட் தீர்த்தது' என்று கணக்கில் ஏற்றுகிறார்கள். 7 நாளுக்குள் அதே ஆள் அதே விஷயத்துக்காக ஃபோனிலோ மெயிலிலோ வந்தால் அது தீராத கேஸ். இந்தக் கழிவைப் போட்டுப் பார்த்தால் அறிக்கையில் இருக்கும் எண் பாதியாக இறங்கினாலும் வியப்பில்லை. பாட் இரண்டு முறை தடுமாறினால் மூன்றாவது முறை "சற்று விளக்கமாகச் சொல்லுங்கள்" என்று கேட்காமல் ஆளிடம் மாற்ற வேண்டும். மாற்றும்போது ஆர்டர் எண், பேச்சின் சுருக்கம், பாட் ஏதாவது வாக்குக் கொடுத்ததா என்பது, இவை ஏஜெண்ட் திரையில் வந்துவிட வேண்டும். கடைசியில் சொன்னதுதான் விட்டுப்போகும், அதில்தான் சண்டையே வரும்.

புரொடக்ஷன்_பாண்டி:
க்ளார்னா என்ற பணப்பரிவர்த்தனை நிறுவனத்தின் ஏஐ பாட்டைப் பாருங்கள் மேடம். 2024-இல் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல், சேவை அரட்டையில் மூன்றில் இரண்டு பங்கு, 700 முழுநேர ஏஜெண்டுகளின் வேலை. 11 நிமிடம் எடுத்தது 2 நிமிடத்துக்குள் முடிந்தது. அவர்கள் கெர்னல் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருந்தார்கள்?

வெக்டர்வேலன்:
2025-இல் அதே க்ளார்னாவின் தலைவரே தரம் குறைந்தது என்று ஒத்துக்கொண்டு மறுபடி ஆள் எடுக்கப் போனாரே, அந்தப் பக்கம் உங்கள் ஃபோனில் திறக்கவில்லையா? ஆளை நீக்கிவிட்டு பாட்டை வைப்பதைவிட ஆளுக்குப் பக்கத்தில் வைப்பதுதான் இதுவரை தேறியிருக்கிறது. பொருளாதார ஆய்வாளர் பிரின்யோல்ஃப்சன் குழு 5,179 ஏஜெண்டுகளை வைத்துச் செய்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், ஏஐ உதவி கிடைத்தவர்கள் மணிக்குத் தீர்த்த கேஸ்கள் சராசரியாக 14 சதவீதம் கூடின. புதியவர்களுக்கு 34 சதவீதம். கைதேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை.

குட்டி_டெவ்:
அப்போ ரீஃபண்டை பாட்டே போடலாமா அண்ணா?

வெக்டர்வேலன்:
மாடல் கேட்கலாம், போடக் கூடாது. டூல் கால் (மாடல் உங்கள் நிரலை அழைக்கும் முறை) வழியாக ஆர்டர் எண்ணும் தொகையும் மட்டும் வரட்டும். அந்த ஆர்டர் லாகின் ஆனவருடையதா, கெடுவுக்குள் இருக்கிறதா, தொகை வரம்புக்குள்ளா என்பதை உங்கள் கோட் பார்க்கட்டும். பிராம்ப்டில் (மாடலுக்குக் கொடுக்கும் அறிவுரையில்) "வரம்பைத் தாண்டாதே" என்று எழுதிவைப்பது காவல் இல்லை. 2023 டிசம்பரில் ஒரு செவ்ரோலே டீலரின் பாட்டைப் பேசிப் பேசியே ஒரு டாலருக்குக் கார் தருகிறேன் என்று சொல்லவைத்தார்கள். வரம்பு தாண்டினால் ஆள் ஒப்புதல். ஒவ்வொரு அழைப்புக்கும் ஐடெம்பொடென்சி கீ, அதாவது அதே கோரிக்கை மறுபடி வந்தால் அடையாளம் காட்டும் தனி எண், கட்டாயம். இல்லாவிட்டால், நெட்வொர்க் தடங்கலில் மறுமுயற்சி போனால் பணம் இரண்டு முறை போய்விடும்.

புரொடக்ஷன்_பாண்டி:
இவ்வளவு எழுதியும் என் கேள்விக்குப் பதில் இல்லை. ஒரே பதில்தான் வேண்டும் என்று ஒரு வங்கி கேட்டால் என்ன செய்வீர்கள்? 0 வைக்காமல் வேறென்ன?

வெக்டர்வேலன்:
ஒப்புதல் வாங்கிய பதிலை எழுதிவைத்து, மாடலுக்கு 'எந்தப் பதில்' என்று எண்ணை மட்டும் தேர்ந்தெடுக்கும் வேலை கொடுப்பேன். எழுதும் வேலையைக் கொடுக்க மாட்டேன்.

புரொடக்ஷன்_பாண்டி:
அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது டெம்பரேச்சர் எவ்வளவு வைப்பீர்கள்?

வெக்டர்வேலன்:
0 வைப்பேன். அதனால் என்ன?

புரொடக்ஷன்_பாண்டி:
நன்றி. திரியை இதோடு மூடலாம்.

வெக்டர்வேலன்:
0 வைப்பதும், 0 வைத்ததால் ஒரே பதில் வரும் என்று சத்தியம் பண்ணுவதும் ஒன்றா? எத்தனை முறை சொல்வது!

ஓய்வில்லா_டெஸ்டர்:
பதிலை கேஷ் பண்ணிவிட்டால் இந்த வாதமே வேண்டாமே. அதே கேள்விக்குச் சேமித்த பதில்.

புரொடக்ஷன்_பாண்டி:
செமான்டிக் கேஷ் போடலாம், கேள்வியின் பொருள் நெருங்கினாலே சேமித்த பதிலைக் கொடுப்பது. ஒற்றுமை 0.9-க்கு மேல் இருந்தால் பழைய பதில்.

வெக்டர்வேலன்:
"ஆர்டரை ரத்து செய்யுங்கள்", "ஆர்டரை ரத்து செய்யாதீர்கள்" இரண்டையும் எம்பெட்டிங் போட்டு எவ்வளவு நெருக்கமாக வருகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பிறகு 0.9 பற்றிப் பேசலாம்.

புரொடக்ஷன்_பாண்டி:
எந்த எம்பெட்டிங் மாடலில் என்று முதலில் சொல்லுங்கள். மாடல் பெயர் இல்லாத கூற்றுக்கு நான் பதில் போடுவதில்லை.