ஆட்குறைப்பு: நான்தான் சொல்ல வேண்டும்

ஓசூர் ஷிஃப்ட்:
வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் லைன் மேனேஜர் நான். வெள்ளிக்கிழமை ஆறு பேருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். பட்டியலில் இருப்பவர் ஒருவர் நேற்று கேண்டீனில், "சார், வீட்டு லோன் சாங்ஷன் ஆயிடுச்சு" என்று ஸ்வீட் நீட்டினார். வாங்கித் தின்றேன், வேறென்ன செய்ய? வீட்டிலும் சொல்ல முடியாது, அவர் மனைவியும் என் மனைவியும் சிநேகிதிகள். நீங்களெல்லாம் எப்படிச் சொன்னீர்கள்?

பழைய எச்.ஆர்.:
டீ வரவழைத்து நலம் விசாரிப்பதெல்லாம் வேண்டாம். முதல் நிமிடத்திலேயே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். கணக்குத்தாள் கையில் இருக்கட்டும்: ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், தொழிலாளர் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம், 5 ஆண்டு முடித்திருந்தால் கிராஜுவிட்டி தனி. அழுபவரைவிடப் பேசாமல் உட்காருபவரைப் பார்ப்பதுதான் கஷ்டம். அப்போது நீங்களும் பேசாதீர்கள்.

கடிதம் வாங்கியவன்:
என் மேனேஜர் "எனக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா" என்று கண் கலங்கினார். அவரை நான் தேற்ற வேண்டியதாயிற்று! அதை மட்டும் செய்யாதீர்கள். அப்புறம், லோன்காரருக்குப் பத்திரப்பதிவு எப்போது?

ஓசூர் ஷிஃப்ட்:
வியாழக்கிழமை. அவருக்கு மட்டும் முன்பே சொல்ல அனுமதி கேட்டு இப்போதே பிளாண்ட் ஹெட்டைப் பார்க்கப் போகிறேன்.