கவுண்டி கோர்ட் ரெக்கார்ட் தேடி எடுத்த அனுபவம் இருக்கா? இங்க சொல்லுங்க

டெக்சாஸ் தம்பி:

வணக்கம் மக்களே. சிட்டிசன்ஷிப்புக்கு ரெடி ஆகுற நம்ம ஆளுங்க நிறைய பேர் இந்த விஷயத்துலதான் முழிக்கிறாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன். சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ற என்-400 ஃபார்ம்ல எப்பவாவது அரெஸ்ட் ஆகியிருக்கீங்களா, டிக்கெட் வாங்கியிருக்கீங்களான்னு ஒரு கேள்வி வரும். கேஸ் டிஸ்மிஸ் ஆகியிருந்தாலும் சரி, ரெக்கார்டை யாரும் பாக்க முடியாதபடி கோர்ட் மூடி வெச்சாச்சுன்னாலும் சரி, அங்க ஆமான்னு சொல்லித்தான் ஆகணும். அரெஸ்ட் இல்லாத சாதா டிராஃபிக் டிக்கெட், ஃபைன் 500 டாலருக்குக் கீழ, குடி போதை எதுவும் சம்பந்தப்படலைன்னா பேப்பர் கேக்க மாட்டாங்க. மத்தபடி எதுவா இருந்தாலும் கோர்ட்ல இருந்து சர்டிஃபைடு டிஸ்பொசிஷன் வேணும், அதாவது கேஸ் எப்படி முடிஞ்சுதுன்னு கிளர்க் ஆபீஸ் சீல் வெச்சுத் தர்ற பேப்பர்.

எனக்கு மாஸ்டர்ஸ் படிக்கும்போது நடந்த ஒண்ணு இருந்துச்சு. அப்பார்ட்மெண்ட்ல பசங்களுக்குள்ள சண்டை, பக்கத்து வீட்ல போலீஸுக்கு போன் பண்ணிட்டாங்க, வந்தவங்க அங்க நின்ன எல்லாரையும் அள்ளிட்டுப் போயிட்டாங்க. கேஸ் நிக்கலை, தள்ளுபடி. ஆனா அந்த பேப்பர் எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும். டெக்சாஸ்ல 254 கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), ஒவ்வொண்ணுலயும் டிஸ்ட்ரிக்ட் கிளர்க், கவுண்டி கிளர்க்னு பெரும்பாலும் ரெண்டு தனி ஆபீஸ். ஃபெலனி (பெரிய குற்ற கேஸ்), டிவோர்ஸ் எல்லாம் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிட்ட. மிஸ்டிமீனர் (சின்னக் குற்ற கேஸ்), ப்ரோபேட் (உயில், இறந்தவர் சொத்து விவகாரம்), கல்யாண லைசென்ஸ், வீட்டுப் பத்திரம் இதெல்லாம் பொதுவா கவுண்டி கிளர்க்கிட்ட, ஆனா எல்லா ஊர்லயும் இதே மாதிரின்னு நெனச்சுடாதீங்க, ஹூஸ்டன் இருக்குற ஹாரிஸ் கவுண்டில மிஸ்டிமீனர் கேஸும் டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிட்டதான். ஸ்பீடிங் டிக்கெட்னா அது இன்னொரு உலகம், சிட்டி போலீஸ் குடுத்தா பெரும்பாலும் முனிசிபல் கோர்ட், ஹைவேல ஸ்டேட் ட்ரூப்பர் குடுத்தா ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் கோர்ட். கவுண்டி சைட்ல தேடி எதுவும் வரலைன்னு நிம்மதியா உக்காந்துடக் கூடாது, அது வேற கோர்ட்ல இருக்கும்.

இப்ப முக்கியமான மேட்டர், பேரு. நம்ம பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா இருந்தா விசால பேரைத் தூக்கி லாஸ்ட் நேம் ஆக்கிட்டு ஃபர்ஸ்ட் நேம்ல எஃப்என்யூன்னு, அதாவது முதல் பேர் தெரியலைன்னு போட்டுடுவாங்க, நம்மள்ல பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும். போலீஸ்காரர் அந்த நேரத்துல கைல இருந்த லைசென்ஸைப் பாத்து எழுதுனதுதான் கோர்ட் ரெக்கார்ட். பின்னாடி நாம அப்பா பேரை சர்நேம் ஆக்கி பாஸ்போர்ட் மாத்தியிருப்போம், அந்தப் புதுப் பேரைப் போட்டுத் தேடுனா ஜென்மத்துக்கும் கிடைக்காது. எனக்கு எஃப்என்யூவை ஃபர்ஸ்ட் நேமாப் போட்டு, லாஸ்ட் நேம்ல முதல் அஞ்சு எழுத்து மட்டும் அடிச்சதும்தான் வந்துச்சு. ஸ்பெல்லிங் ஒரு எழுத்து தப்பு, டேட் ஆஃப் பர்த் சரி.

கேஸ் நம்பர் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. கவுண்டர்ல ஒரு சீட்டுல நம்பரை எழுதிக் குடுத்தேன், அந்தம்மா ஸ்கிரீன்ல பாத்துட்டு, எத்தனை காப்பி, சர்டிஃபைடா சாதாவான்னு மட்டும் கேட்டாங்க. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேக்கலை. கடைசிப் பக்கத்துல ஸ்டாம்ப் அடிச்சு கையெழுத்துப் போட்டு கை மெஷின்ல வெச்சு அழுத்துனாங்க, விரலால தடவிப் பாத்தா சீல் மேடு தட்டும். ஸ்டேப்ளரை மட்டும் பிரிக்காதீங்க, ஸ்கேன் பண்றேன்னு பின்னைக் கழட்டிட்டா செல்லாதுன்னு திருப்பிக் குடுக்குற ஆபீசருங்க இருக்காங்க.

இன்னொண்ணு, கூகுள்ல கவுண்டி பேரும் கோர்ட் ரெக்கார்டும் அடிச்சா மேல வர்றது பூரா காசு புடுங்குற பேக்ரவுண்ட் செக் சைட்டுங்க. பேரை வாங்கிட்டு ரொம்ப நேரம் சக்கரம் சுத்தவிட்டு அப்புறம் கார்டு நம்பர் கேக்கும். அங்க வர்ற டிஸ்பொசிஷனை இமிக்ரேஷன்ல மதிக்கவே மாட்டாங்க. கவுண்டியோட சொந்த சைட்டுக்குப் போய் கிளர்க் ஆபீஸ் லிங்க்கைப் புடிங்க. கோர்ட் ரெக்கார்டைப் பாக்குறதும் காப்பி எடுக்குறதும் பொதுமக்கள் உரிமைன்னு 1978லயே முன்னாள் ஜனாதிபதி நிக்ஸனோட டேப் விவகாரத்துல வந்த கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே ஒத்துக்கிட்டது. எல்லை உண்டு, ஆனா உரிமை உரிமைதான், தயங்கித் தயங்கிக் கேக்கத் தேவையில்ல.

நியூஜெர்சி அக்கா:

தம்பி நல்லா எழுதியிருக்கீங்க. எங்க வீட்டுக் கதை கல்யாண விஷயம். எங்க அக்கா பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சு, பையன் நியூயார்க், முதல் கல்யாணம் டிவோர்ஸ் ஆயிடுச்சுன்னு மறைக்காமச் சொன்னாங்க. மதுரைல இருக்குற எங்க அக்காவுக்கு மனசு கேக்கலை, நீதான் அமெரிக்கால இருக்கியே கோர்ட்ல பாத்துச் சொல்லுடின்னு டெய்லி போன். நானும் சரின்னு எறங்குனேன். நியூயார்க்ல டிவோர்ஸ் நடக்குறது சுப்ரீம் கோர்ட்ல, பேரு அப்படியே தவிர அங்க அது கீழ் கோர்ட்தான், கவுண்டிக்கு ஒண்ணு, ஃபைல் எல்லாம் கவுண்டி கிளர்க்கிட்ட இருக்கும். ஆனா அந்த ஸ்டேட் சட்டப்படி டிவோர்ஸ் ஃபைலை புருஷன் பொண்டாட்டி, அவங்க வக்கீல் தவிர வேற யாருக்கும் காட்ட மாட்டாங்க. எனக்கு அது சரின்னுதான் படுது, ஒருத்தர் வாழ்க்கைல நடந்த வேதனையை ஊர்ல எல்லாரும் படிக்கத் தேவையில்ல.

அப்ப எப்படித் தெரிஞ்சுக்கிறது? நேராக் கேட்டேன். தம்பி, உங்க டிவோர்ஸ் டிக்ரீ, அதாவது கோர்ட் தீர்ப்போட சர்டிஃபைடு காப்பி ஒண்ணு எடுத்துக் குடுங்க, எங்களுக்கும் பெரியவங்களுக்குப் பதில் சொல்லணும்னேன். அந்தப் பையன் முகம் சுளிக்காம எடுத்துக் குடுத்தார். சேந்து எடுத்ததுல இன்னொரு நல்லதும் ஆச்சு, கல்யாணம் தமிழ்நாட்ல வெக்கறதால அந்த டிக்ரீக்கு அப்போஸ்டில், அதாவது இந்தப் பேப்பர் நிஜம்னு வெளிநாட்டுல காட்டறதுக்கு அரசாங்கம் தர்ற சான்று வேண்டியிருந்துச்சு. இந்தியா 2005ல அப்போஸ்டில் ஒப்பந்தத்துல சேந்ததுல இருந்து கான்சுலேட்டுக்கு அலையற வேலை இதுக்கு இல்ல, டிக்ரீ எந்த ஸ்டேட்டோ அந்த ஸ்டேட்லயே வாங்கிக்கலாம். ஆனா சர்டிஃபைடு காப்பிக்குத்தான் குடுப்பாங்க, ஜெராக்ஸுக்குக் கிடையாது.

டெக்சாஸ்காரங்களுக்கு ஒரு தகவல், உங்க ஸ்டேட் ஹெல்த் டிபார்ட்மெண்ட் 1968ல இருந்து நடந்த டிவோர்ஸுக்கு வெரிஃபிகேஷன் லெட்டர் தருவாங்க, ஆனா அது டிக்ரீ ஆகாது. டிக்ரீக்கு கேஸ் நடந்த கவுண்டியோட டிஸ்ட்ரிக்ட் கிளர்க்கிட்டதான் போகணும்.

பே ஏரியா மாமா:

வீட்டுல கிச்சன் ரீமாடல் பண்ண ஒரு கான்ட்ராக்டர் பாத்தோம், கொட்டேஷன் மத்தவங்களைவிடக் கம்மி, ஆனா அட்வான்ஸ் பெருசாக் கேட்டார். ஸ்டேட் லைசென்ஸ் போர்டு சைட்ல லைசென்ஸ் ஆக்டிவ்னு வந்துச்சு. வீட்டுக்காரிதான் சொன்னா, கோர்ட்லயும் ஒரு தடவை பேரைப் போட்டுப் பாத்துடுங்களேன்னு. கலிஃபோர்னியால 58 கவுண்டி, கவுண்டிக்கு ஒரு சுப்பீரியர் கோர்ட், சைட்டும் ஒவ்வொண்ணுக்கும் தனி. எங்க கவுண்டில சிவில் கேஸ் பேர் போட்டு ஃப்ரீயாப் பாக்கலாம், சில கவுண்டில பேர் சர்ச்சுக்கே காசு. அவர் சொந்தப் பேர்ல ஒண்ணுமில்ல, கம்பெனி பேர்ல போட்டதும் வரிசையா வந்துச்சு, அட்வான்ஸ் வாங்கிட்டு வேலையப் பாதில விட்டார்னு வீட்டுக்காரங்க போட்டது. கேஸ் போட்டதாலேயே குத்தவாளி ஆயிட மாட்டார், அதனால நான் கோர்ட்டுக்கே போய் ரெண்டு ஃபைலைத் திறந்து ஜட்ஜ்மெண்ட் என்னன்னு பாத்தேன். அதுக்கப்புறம் அட்வான்ஸ் குடுக்கலை. இந்த மாதிரி நேரத்துல ஆள் பேர், கம்பெனி பேர், பழைய கம்பெனி பேர் எல்லாத்தையும் போட்டுப் பாருங்க, ப்ளீஸ்.

தெரிஞ்சுக்க வேண்டியது ஒண்ணு. இங்க கோர்ட் ரூல்படி சிவில் ஃபைல் டாக்குமெண்ட்தான் வீட்ல இருந்து பாக்க முடியும். கிரிமினல், குடும்ப கேஸ், கார்டியன்ஷிப் இந்த மாதிரி ஃபைலை ஆன்லைன்ல விட மாட்டாங்க, கோர்ட் கட்டடத்துல இருக்குற பொது கம்ப்யூட்டர்லதான் உக்காந்து பாக்கணும். வீட்ல ஒண்ணும் வரலைன்னா கேஸே இல்லன்னு அர்த்தம் இல்ல. காப்பி பக்கத்துக்கு 50 சென்ட், 10 நிமிஷத்துக்கு மேல தேட வெச்சா 15 டாலர், அதனால கேஸ் நம்பரை நாமளே குறிச்சுட்டுப் போறது நல்லது. வாடகைக்கு இருக்குறவங்களைக் காலி பண்ண வைக்கப் போடுற எவிக்ஷன் கேஸ் மட்டும் தனி ரகம், 60 நாளுக்குள்ள வீட்டுக்காரர் ஜெயிச்சாத்தான் அது வெளில தெரியும், இல்லன்னா மூடியே இருக்கும். வாடகைக்கு இருக்குற புள்ளைங்களுக்கு அது பெரிய பாதுகாப்பு.

அட்லாண்டா செந்தில் (நூத்துல ஒருத்தன்):

என் பேரு இந்த நாட்ல எத்தனை பேருக்கு இருக்கும்னு எண்ண முடியாது. புது வேலை ஆஃபர் கைல, பழைய இடத்துல நோட்டீஸ் குடுத்தாச்சு, பேக்ரவுண்ட் செக்ல மிஸ்டிமீனர் இருக்குன்னு ஹெச்ஆர் மெயில். சாப்பாடு எறங்கலை. ரிப்போர்ட் காப்பி கேட்டு வாங்குனேன், அது நம்ம உரிமை, அதுல கவுண்டி பேரும் கேஸ் நம்பரும் இருந்துச்சு, நான் வாழ்க்கைல கால் வெக்காத கவுண்டி. ஜார்ஜியால 159 கவுண்டி, சுப்பீரியர் கோர்ட், ஸ்டேட் கோர்ட், மாஜிஸ்ட்ரேட் கோர்ட்னு வேற பிரிவு. கேஸ் நம்பர் இருந்ததால போன்லயே ஸ்டேட் கோர்ட் கிளர்க்னு புடிச்சுட்டேன். மறுநாளே வண்டிய எடுத்துட்டுப் போய் ஃபைல்ல முதல் பக்கம், சைட்டேஷன் (போலீஸ் குடுத்த டிக்கெட்), டிஸ்பொசிஷன் மூணும் சர்டிஃபைடு காப்பி எடுத்தேன். அந்த ஆளோட டேட் ஆஃப் பர்த் வேற, உயரம் வேற, லைசென்ஸ் வேற ஸ்டேட். பேர் மட்டும் எழுத்துக்கு எழுத்து நான்.

அந்தக் காப்பியை வெச்சு ரிப்போர்ட் குடுத்த கம்பெனிக்கு டிஸ்ப்யூட் போட்டேன், ஹெச்ஆருக்கும் அப்பவே அனுப்பிட்டேன். ஃபெடரல் சட்டப்படி அவங்க பொதுவா 30 நாளுக்குள்ள விசாரிச்சு முடிக்கணும். அதுக்கு முன்னாடியே சரி ஆயிடுச்சு, வேலையும் கிடைச்சுது. மெயில்ல நூறு தடவை அது நான் இல்லன்னு எழுதுறதைவிட கோர்ட் சீல் இருக்குற ஒரு பேப்பர் பேசும். நம்ம பேர் எல்லாம் குமார், ராஜா, கார்த்திக்னு ஒரே மாதிரி, கூடவே சர்நேம் குழப்பம், இது நம்ம ஜனங்களுக்கு வர்ற பிரச்சனைதான். வேலை மாறுறதுக்கு முன்னாடி இருக்குற கவுண்டில உங்க பேரை நீங்களே ஒரு தடவை தேடிப் பாத்து வெச்சுக்கோங்க.

புதுசா வந்தவன்:

அண்ணா, பேசர்னு ஒரு சைட் இருக்காமே, ஒரு பக்கத்துக்கு 10 சென்ட்னு, அதுல எல்லாக் கோர்ட்டும் வந்துடாதா?

டெக்சாஸ் தம்பி:

இல்ல ப்ரோ, பேசர் ஃபெடரல் கோர்ட்டுக்கு மட்டும். திவால் கேஸ் எல்லாம் ஃபெடரல்தான், அதுக்கு அங்க போங்க, மூணு மாசத்துல 30 டாலர் தாண்டலைன்னா பில்லே வராது. கவுண்டி கேஸ் ஒண்ணுகூட அதுல இருக்காது. ஸ்டேட் முழுக்க ஒரே சைட்னு சில இடத்துல இருக்கு, மேரிலாண்ட், விஸ்கான்சின் எல்லாம் நல்லா வெச்சிருக்காங்க. நார்த் கரோலினா 2023ல வேக் கவுண்டில ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா 100 கவுண்டியையும் ஒரே போர்ட்டலுக்கு மாத்துனாங்க. அங்கயும் பழைய பேப்பர் எல்லாம் ஸ்கேன் ஆகியிருக்கும்னு நம்பிடாதீங்க.

பிட்ஸ்பர்க் தங்கச்சி:

பென்சில்வேனியாலயும் கிரிமினல் டாக்கெட் (கேஸ்ல என்னென்ன நடந்துச்சுங்கிற பட்டியல்) ஸ்டேட் போர்ட்டல்ல ஃப்ரீயாக் கிடைக்கும், சிவில் கேஸுக்கு மட்டும் பெரும்பாலான கவுண்டில ப்ரோத்தோனோட்டரின்னு ஒரு ஆபீஸைத் தேடணும், மத்த ஊர்ல கிளர்க் பண்ற வேலைதான்.

நான் எழுத வந்தது வேற. எங்க அபார்ட்மெண்ட்ல இருந்த ஒரு ஆன்ட்டிக்கு அங்கிள் திடீர்னு தவறிட்டார், புள்ளைங்க ஸ்கூல் படிக்குதுங்க. பேங்க் அக்கவுண்ட், 401கேன்னு வேலைல சேத்த ஓய்வுகாலப் பணம், கார் எல்லாம் அவர் பேர்ல, உயில் ஒண்ணு இருந்துச்சு, அதை வெச்சுக்கிட்டு எங்க போறதுன்னே தெரியலை அவங்களுக்கு. நான் கூடப் போனேன். கவுண்டில உயில் வேலையப் பாக்குறது ரெஜிஸ்டர் ஆஃப் வில்ஸ், உயிலோட ஒரிஜினல், டெத் சர்டிஃபிகேட், ஐடி எடுத்துட்டுப் போகணும். அவங்க ஷார்ட் சர்டிஃபிகேட்னு ஒரு பக்கக் காகிதம் தருவாங்க, இவங்கதான் சொத்தைப் பாத்துக்க அதிகாரம் உள்ளவங்கன்னு சீல் வெச்சு. ஒவ்வொரு பேங்கும் ஒரு ஒரிஜினல் கேக்கும், தேதியும் புதுசா இருக்கணும்பாங்க, அதனால எங்கெங்க குடுக்கணும்னு எழுதி வெச்சுட்டு அத்தனையும் வாங்கிடுங்க, மறுபடி மறுபடி அந்த நெலமைல ஒரு பொம்பளைய கவுண்டர்ல நிக்க வெக்கக் கூடாது. உயில் ஃபைல் ஆயிட்டா அது யார் வேணா பாக்குற ரெக்கார்ட், இதையும் முன்னாடியே சொல்லிடுங்க, சொந்தக்காரங்க போன் பண்ணி அதுல இப்படி எழுதியிருக்கேன்னு கேக்கும்போது அதிர்ச்சியா இருக்கும்.

புதுசா வந்தவன்:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. என் பழைய டிக்கெட் ஓஹையோல, நான் இப்ப சியாட்டில். நேர்ல போகாம முடியுமா?

டெக்சாஸ் தம்பி:

முடியும். மொதல்ல அந்த கோர்ட்டுக்கு போன், காலைல திறந்த உடனே பண்ணுனா லைன் கிடைக்கும். டிக்கெட்ல இருக்குற பேர், டேட் ஆஃப் பர்த், டிக்கெட் தேதி சொல்லி கேஸ் நம்பர் கேளுங்க, சர்டிஃபைடு காப்பிக்கு எவ்வளவு, செக் வாங்குவாங்களா மணி ஆர்டர்தானான்னும் கேட்டுக்கோங்க. அப்புறம் ஒரு லெட்டர், அதுல கேஸ் நம்பர், சர்டிஃபைடு டிஸ்பொசிஷன் வேணும்னு தெளிவா ஒரு வரி, உங்க ஐடி காப்பி, உங்க அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டுன கவர் ஒண்ணு உள்ள. ரொம்பப் பழசு, அழிச்சாச்சுன்னு சொன்னா போனை வெச்சுடாதீங்க, தேடுனோம் ரெக்கார்ட் இல்லன்னு கோர்ட் லெட்டர்ஹெட்ல சீலோட எழுதித் தரச் சொல்லுங்க, இன்டர்வியூல அதையும் ஏத்துக்குவாங்க. அரெஸ்ட்னு ஏதாவது இருந்தா மட்டும் ஃபார்ம் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட அந்த பேப்பரைக் காட்டிடு தம்பி.